பன்றிச் சீட்டின் மேல் எருமை

மனிதன் மொழியைக் கண்டுபிடித்ததே மாட்டைப் போலக் கத்தாமல் இருப்பதற்காகத்தான். இந்த உண்மையைக் கிண்ணியாவில், எங்கள் வீட்டு விறாந்தையில், குடும்பமே கூடியிருந்த ஒரு பின்னேரம் நான் அறிவித்தேன். கெம்பஸில் மூன்றாம் வருடம் சமூகவியல் படிப்பவன் என்பதால் இது ஆதாரமுள்ள கூற்று. ஆடாகக் கத்தியோ வாத்தாகக் கரைந்தோ கிடைக்கும் எந்த வெற்றியும் எனக்கு வேண்டாம், உயிருள்ளவரை என் தொண்டையிலிருந்து மிருகச் சத்தம் வராது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி புரொபெசர், சீட்டைப் போடுங்க" என்றாள் என் மூத்த சகோதரி பஸ்மியா ராத்தா.

அது ராத்தாவின் கணவர், என் மச்சான் அன்ஸார் கட்டாரிலிருந்து திரும்பியபோது மகள் ஆதிலாவுக்கு வாங்கி வந்த சீட்டுக்கட்டு. எல்லாச் சீட்டிலும் பண்ணை மிருகங்கள். ஆளுக்கொரு சீட்டாக நடுவில் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரே மிருகம் அடுத்தடுத்து விழுந்தால், அந்த மிருகத்தைப் போல முதலில் கத்துபவருக்குக் கட்டு முழுவதும் சொந்தம். கழுதை விழும்போது அன்ஸார் மச்சானை யாராலும் வெல்ல முடிந்ததில்லை. அவர் அதற்குப் பயிற்சி எடுத்ததாகவும் தெரியவில்லை.

நான் கத்துவதில்லை. "பசு" என்று தெளிவாக உச்சரிப்பேன்.

"மாமா, பேர் செல்லக் கூடாது. கத்தணும்" என்பாள் ஆதிலா.

"பேர் வைக்கிறதுதான் நாகரிகம், மகள்."

"அப்ப நாகரிகமாத் தோத்துப்போங்க."

கட்டைப் பிரித்த அன்றே அதற்குள் பன்றி அகப்பட்டது. ரோஸ் நிறத்தில், கொழுகொழுவென்று, சிரித்த முகத்துடன். உம்மா கையை உதறிவிட்டு எழுந்து போய், தொழுகைக்குப் போல கை முகம் கழுவி உளூச் செய்துவிட்டு வந்தார். பன்றிகளை எறிந்துவிடலாமென்றால், ஆட்டம் குறைந்துபோகும் என்று ஆதிலா அழுதாள். கடைசியில் ராத்தா கறுப்பு மார்க்கரை எடுத்துப் பன்றிகள் எல்லாவற்றையும் பூசி, தலையில் வளைந்த கொம்பு வைத்து எருமையாக்கினாள். வால் மட்டும் சுருண்டபடியே இருந்தது. சிரிப்பையும் அழிக்க முடியவில்லை.

உம்மாவுக்குச் சீட்டு என்றாலே ஆகாது. "காசு வைக்காட்டியும் சீட்டு சீட்டுத்தான்" என்பார். இந்த ஆட்டத்தை அவர் அனுமதித்தது ஆஸ்பத்திரி சொன்னதால்தான். வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. பேச்சுப் பயிற்சி தரும் மிஸ், "சொல் வராட்டிப் பரவாயில்ல, சத்தம் வரட்டும். வீட்டில எல்லாரும் சேர்ந்து ஏதாவது சத்தம் போட்டு விளையாடுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்தாக ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் கொக்கரித்துக்கொண்டிருந்தோம். அதாவது, அவர்கள்.

என் வாப்பா ஜவ்பர், எருமைப் பட்டிக்காரர். கிண்ணியாவில் அவருடைய தயிருக்கு ஒரு பேர் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அன்ஸார் மச்சான் பட்டி முழுவதையும் வெளியூர் லொறிக்காரருக்கு விற்றுவிட்டார். மேய்ச்சல் தரையில் பாதிக்கு யாரோ வேலி போட்டாயிற்று, மேய்க்கவும் ஆளில்லை என்றார். இரண்டும் உண்மை. பட்டியைப் பார்த்த ஹஸன் இப்போது நிலாவெளி ஹோட்டலொன்றில் மெஷினால் புல் வெட்டுகிறான். முன்பு அந்த வேலையை எருமைகள் சம்பளமில்லாமல் செய்தன.

வாப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கேட்டால் தாங்கமாட்டார், இன்னொரு தடவை வந்தால் ஆளே மிஞ்சாது என்று டொக்டரும் சொல்லியிருந்தார். மாடுகள் தூரத்து மேய்ச்சலில் நிற்பதாகச் சொல்லி, பின்வளவுப் பட்டி தெரியாதபடி அவருடைய கட்டிலைத் திருப்பிப் போட்டோம். வாப்பா கதைக்க வேண்டும் என்று உம்மா ஐந்து வேளையும் துஆக் கேட்டார். கதைத்தால் முதலில் எருமைகளைத்தான் விசாரிப்பார் என்பதால், அந்த துஆவைக் கொஞ்சம் மெல்லிய குரலில் கேட்டார்.

நான் அறிவித்த அன்றும் ஆட்டம் சூடாகத்தான் போனது. சீனன்குடாவில் இறங்கப் போன விமானமொன்று கூரைக்கு மேலால் இரைந்தபோது விழுந்த இரட்டை வாத்துகள் யாருக்கென்று ராத்தாவும் மச்சானும் சண்டை பிடித்தார்கள்.

"நான்தான் முதல்ல கத்தினது."

"பிளேன் சத்தத்துக்குள்ள நீங்க கத்தினது யாருக்குக் கேட்டது?"

"வாத்துக்குக் கேட்டது."

உம்மா சிரித்துக்கொண்டே தன் சீட்டைப் போட்டார். எருமை. அடுத்தது வாப்பா. இடது கையால் மேல்சீட்டை மெல்லப் புரட்டி வைத்தார். அதுவும் எருமை.

ஆதிலா வாயைத் திறந்தாள். ராத்தா அவளுடைய வாயைப் பொத்தினாள். வாப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் பெருவிரலால் அந்தக் கறுப்புப் பூச்சைத் தடவினார், சுருண்ட வாலில் விரல் நின்றது. பிறகு நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்க, அவருடைய வாயிலிருந்து சத்தம் வந்தது.

"ஹோ... ஓய்... ஓ..."

ராத்தா அழுதாள். மச்சான் "மாமா, மாமா" என்று தொடையில் தட்டினார். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இது எருமைச் சத்தம் இல்லையே. மூத்தாப்பா பிழையாக் கத்திட்டார்" என்றாள் ஆதிலா.

அவள் சொன்னது சரி. அது எருமை போடும் சத்தமல்ல. பொழுதுபடும் நேரத்தில் எருமைகளைப் பட்டிக்குக் கூப்பிட வாப்பா போடும் சத்தம். அவர் கூப்பிட்டால் கிழட்டு எருமையொன்று முதலில் பதில் கொடுக்கும், பிறகு மற்றவை. சின்ன வயதிலிருந்து கேட்டதால் எங்களுக்கு அது தெரியும்.

வாப்பா கட்டை அள்ளவில்லை. தலையைச் சரித்து, காதைப் பின்வளவுப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுடைய சந்தோஷம் ஒவ்வொரு முகமாக அணைந்தது.

"ஹோ... ஓய்..."

"தூரத்துல நிக்குது மாமா, இங்க கேக்காது" என்றார் மச்சான்.

வாப்பா அவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. மறுபடியும் கூப்பிட்டார், இன்னும் பலமாக. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

"சென்னாத்தான் சரி" என்று மச்சான் என்னிடம் குனிந்து முணுமுணுத்தார். "நீ படிச்சவன். நீ செல்லு."

"வித்தது நீங்க. நீங்க செல்லுங்க."

"மேய்க்க வாறியா எண்டு கேட்டப்ப, கெம்பஸ்ல சோதனை எண்டு சென்னது யாரு?"

"சோதனை இருந்தது மச்சான்."

"இப்பவும் சோதனைதான். எழுது."

வாப்பா எழும்பப் பார்த்தார். வலது கால் ஒத்துழைக்கவில்லை. உம்மா அவருடைய தோளைப் பிடித்து உட்காரவைத்தபடி என்னைப் பார்த்து, "நௌபர்" என்றார். அவ்வளவுதான். என்ன செய் என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"தண்ணி எடுத்துட்டு வாறன்" என்று நான் எழுந்தேன்.

குசினிக்குள் போனேன். தண்ணீர் எடுக்கவில்லை. பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து வளவுக்குள் இறங்கினேன். பட்டிக்குள் முழங்காலளவு புல் வளர்ந்து நின்றது, தின்ன ஒரு மாடும் இல்லாததால். சேற்றுக் குழி காய்ந்து வெடித்திருந்தது. உள்ளேயிருந்து வாப்பாவின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

அயல்வீட்டு வேலியில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பட்டி வேலிக் கட்டைக்குப் பின்னால் குந்தி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு கிழட்டு எருமையாகக் கத்தினேன்.

உள்ளே சத்தம் நின்றது.

வாப்பா நம்பினாரா தெரியாது. தன் பட்டியில் ஒவ்வொன்றின் குரலையும் இருட்டிலேயே பிரித்துச் சொல்லக்கூடிய மனிதர். பிறகு அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார், இந்த முறை மெதுவாக, மற்றவை எங்கே என்று கேட்பதுபோல.

நான் பட்டியின் அடுத்த மூலைக்கு நடந்து போய், தொண்டையை ஒடுக்கி, கன்றாகக் கத்தினேன்.