ஜர்தாலுக் கொட்டைக்குச் சந்து அகன்றது

அன்னத்தாயின் இடது அக்குளில் வலி கண்ட மாசத்தில்தான் தாராவியில் அவள் குடியிருந்த சந்து முதல் தடவையாக ஒரு சாண் அகன்றது. சந்தைப் பிறகுதான் கவனித்தார்கள். வலியை அவள் அன்றைக்கே கவனித்தாள். தோல்பைப் பட்டறையில் சொலூசன் பசை தடவி, ஓரத்தை மடக்கிச் சுத்தியலால் அடிக்கிற வேலை அவளுக்கு. உடம்பு நோவு புதிதில்லை. ஆனால் சுத்தியல் பிடிக்கிற கை வலது, வலித்தது இடது. மாரில் சுண்டைக்காயளவு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து, கேன்சர்தான், ஆரம்பம்தான், அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தேதியும் கொடுத்தார்கள்.

எதிர் வீட்டுப் பானுமதி அந்தத் தேதியை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் புருஷன் பிச்சையா அதே நோயில் போனவன். முற்றிய பிறகு கொண்டுவந்தார்கள் என்றது ஆஸ்பத்திரி. கொண்டுபோனதால்தான் செத்தான் என்றாள் பானுமதி. மூன்றடிச் சந்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாமல், அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் அவள் வீடிருக்கிற கிழக்கு வரிசை ஆட்கள்தான் தூக்கிப் போனார்கள். அன்னத்தாயும் அதைப் பார்த்தவள்தான். இப்போது பானுமதியின் போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. ஆப்ரிகாட் பழம், பம்பாயில் ஜர்தாலு என்பார்கள்; அதன் கொட்டைக்குள் இருக்கிற கசப்புப் பருப்பைத் தின்றால் கட்டி கரைந்துவிடுமாம், மருந்துக் கம்பெனிக்காரன் மறைத்து வைத்திருக்கிறானாம். மாஹிமில் தேடி வாங்கிவந்து, அன்னத்தாயின் பட்டறைச் சுத்தியலாலேயே உடைத்துப் பருப்பை எடுத்தாள்.

அன்னத்தாய்க்குப் பக்கத்து வீட்டு முகேஷ் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவன். அவன் வாசலில் நின்று சொன்னான்: "யக்கா, அந்தக் கசப்பு வயித்துக்குள்ள போயி சயனைடா மாறும். கட்டிக்கு ஒண்ணும் ஆவாது, ஒனக்குத்தான் ஆவும்."

"சீசா கழுவுத பயலுக்கு டாக்டர்னு நெனப்பு," என்றாள் பானுமதி எதிர்ப்படியிலிருந்து.

அன்றைக்குச் சந்து இன்னொரு சாண் அகன்றது. கிழக்கு வரிசை ஏழு வீடும் பானுமதி பக்கம், மேற்கு வரிசை முகேஷ் பக்கம். சண்டை நடந்த நாளெல்லாம் சந்து அகன்றது. எந்த வீடும் சிறுத்துப்போகவில்லை, எந்தச் சுவரும் விரிசல் விடவில்லை. தரையில் வெயில் விழுந்தது. துணி அன்றன்றைக்கே காய்ந்தது. காய்கறி வண்டி உள்ளே வந்தது, மழைக்காலம் முடிகையில் கணபதி ஊர்வல வண்டியும் வந்தது. முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து அளந்தார்கள். வரைபடத்தோடு ஒத்துவராததால் டேப் கெட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் நின்ற இடத்திலிருந்தே குழம்பு கைமாறும். இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. இரண்டு வரிசைப் பேச்சுக்கும் நடுவில் அன்னத்தாய் ஆபரேஷன் தேதியைத் தவறவிட்டாள். அடுத்த தேதியையும் தவறவிட்டாள். சுண்டைக்காய் நெல்லிக்காயாயிற்று.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. கிண்ணத்தில் வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரவும் கூடாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பானுமதி அந்தப் பருப்பை அரைத்துத் துவையலாகக் கொண்டுவந்தாள். தங்கள் வீட்டுக் கிண்ணத்தில்தான் கட்டி கரைய வேண்டும் என்று மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் ஆசைப்பட்டார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொள்ளாமல் அதே பருப்பைப் பொடியாகவும் லட்டாகவும் கொண்டுவந்தார்கள். யார் முகமும் வாடக் கூடாதென்று அன்னத்தாய் எல்லாக் கிண்ணத்திலும் கைவைத்தாள். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது, வாந்தி வந்தது, மூச்சு பிடிபடவில்லை. வாசலிலேயே விழுந்தாள்.

முகேஷ் போன் போட்டான். ஆம்புலன்ஸ் நேரே படிவரைக்கும் வந்து, எங்கும் இடிக்காமல் திரும்பி நின்றது. அது திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்த பானுமதி, யாரும் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தாள்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது, பின்னாலேயே ஓடிவந்த கிழக்கு வரிசைக்காரர்கள் சுவரைப் பார்த்தார்கள். பானுமதிதான் தெரிந்த இந்தியில் சொன்னாள்: "ஜர்தாலுக் கொட்ட, சாப். ஏழு வீட்டுலயும் குடுத்தோம். மொதல்ல குடுத்தவ நான்."

விஷத்துக்கு மாற்று மருந்து உடனே ஏறியது. சொல்ல இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் பிறகு முகேஷிடம் சொன்னார். கண் விழித்த அன்னத்தாய் ஆபரேஷன் தேதியைத் தானே கேட்டு வாங்கினாள். ஒரு மாரை எடுத்தார்கள். கீமோவில் முடி கொட்டி, பிறகு சுருட்டையாக முளைத்தது. வருஷம் கழிந்து, இப்போது ஒன்றுமில்லை, ஆனாலும் தவறாமல் வந்து காட்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

சண்டை ஓய்ந்ததும் சந்து சாண் சாணாகப் பழைய அளவுக்கு வந்தது. காய்கறி வண்டிக்காரன் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வெளியேறினான். அன்னத்தாய் வாசலுக்கும் பானுமதி வாசலுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் அகலம் மிச்சமிருக்கிறது. ஏனென்றால் அங்கே பேச்சு முடியவில்லை.

"ஆபரேசன் பாதி, கொட்ட பாதி, மைனி," என்பாள் பானுமதி.

"பாதியாட்டி? கொல்லப் பாத்துச்சுட்டி அது."

அந்த அகலத்தில் முகேஷ் தன் ஸ்கூட்டரை நிறுத்துகிறான். அந்த இடம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆறு வீட்டுக் கிண்ணங்களிலும் சீனி போட்டு அன்னத்தாய் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏழாவதில் சீனி போட்டாள், எடுத்துவிட்டாள். பாயாசம் ஊற்றினாள், தானே குடித்துவிட்டாள். அதற்கு எதைப் போட்டால் சரியாக இருக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பானுமதியும் கேட்கவில்லை. மூடியுள்ள ஒரு சில்வர் கிண்ணம், அன்னத்தாய் பானுமதிக்குக் கொடுக்க வேண்டியது, இன்னும் பாக்கி.