தெற்கு மேலே வந்த நிலா

நிலாவின் முதுகை முதலில் பார்த்த ஆட்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

வோல்கா கரையில் ஒரு மாவட்டப் பத்திரிகை. அதில் படங்களுக்கு டச்சிங் செய்வது என் வேலை. மெல்லிய தூரிகை, வெள்ளைக் கலர், கறுப்புக் கலர், ஒரு சவரக் கத்தி, அவ்வளவுதான் என் சொத்து. கட்சிக் கமிட்டிச் செயலாளரின் கழுத்து மடிப்பை எடுப்பேன். டிராக்டர்காரரின் பல் இடுக்கை அடைப்பேன். எந்த முகம் வந்தாலும் ஆசிரியர் அவ்தேய் லூக்கிச் சொல்வது ஒரே வார்த்தைதான்: "சுத்தம் பண்ணு." அந்த வருஷம் மே மாதம் ஒரு பால் பண்ணைக்காரியின் நெஞ்சில் ஏதோ கறை என்று நினைத்துச் சுத்தம் பண்ணினேன். அது அவள் வாங்கிய மெடல். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது.

இன்னொரு மெமோ வாங்கினால் குடியிருப்பு அறைப் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விடும். பத்திரிகைக்கு என்று புதுக் கட்டடத்தில் ஒதுக்கியது ஒரே ஒரு அறை. நவம்பர் புரட்சி விழாவுக்கு முன்னால் பட்டியல் ஒட்டுவார்கள். முதல் பெயர் என்னுடையது, கபித்தோலினா, சுருக்கமாகக் காப்பா. இரண்டாவது, படங்களுக்கு அச்சு பிளாக் எடுக்கும் ஹாரிஸ். எனக்கு விவாகரத்தாகி மூன்று வருஷம். ஆனால் நானும் திமோஃபெயும் இன்னும் ஒரே அறையில்தான் இருந்தோம், நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் அந்த ஆள் சூப்பை உறிஞ்சுவது இந்தப் பக்கம் என் காதில் விழும். ஒரு மனுஷியால் இதை எத்தனை நாள் கேட்க முடியும்?

ஐம்பத்தொன்பதாம் வருஷம், அக்டோபர் இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை காலை. அவ்தேய் லூக்கிச் ஓடி வந்தார். அந்த உடம்பு ஓடி நான் பார்த்ததே இல்லை. கையில் மாஸ்கோவிலிருந்து வந்த தந்திப் படம்.

"காப்பா! நிலாவோட அந்தப் பக்கம்! நம்ம ராக்கெட் எடுத்தது! ரெண்டு மணிக்குள்ள சுத்தம் பண்ணிக் கொடு."

வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதன் மேல் கோடு கோடாகத் தந்தியின் கீறல். அங்கங்கே கறுப்புத் திட்டு, வெள்ளைப் புள்ளி, மங்கல்.

"இதுல எது நிலா, எது அழுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அழுக்கா இருக்கறது அழுக்கு."

"எல்லாமே அழுக்காத்தான் இருக்கு, அவ்தேய் லூக்கிச்!"

"அப்போ கொஞ்சமா சுத்தம் பண்ணு" என்று சொல்லிவிட்டு மனுஷன் போய்விட்டார்.

தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். செயலாளர் முகம் என்றால் சுவரில் மாட்டியிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த முகத்தை உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

ஹாரிஸ் கையில் டீயோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுல மேலே எது?"

அதுவரை எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. படத்தைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன். எப்படிப் பார்த்தாலும் வட்டம். படத்தோடு வரவேண்டிய குறிப்பு வரவில்லை, தந்தி பாதியில் அறுந்துவிட்டது. கட்டுரை சாயங்காலம் வரும் என்றார்கள். பிளாக் மூன்று மணிக்குள் ஏற வேண்டும்.

அவ்தேய் லூக்கிச்சைக் கேட்டோம். "விஞ்ஞானியைக் கேளுங்க! அவர் சொல்றபடி செய்ங்க!" என்றார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வானியல் நடத்தும் எரஸ்த் பாவ்லொவிச்சுக்கு ஹாரிஸ் போன் போட்டான். படத்தில் ஓர் ஓரமாகத் தெரிந்த, பூமியிலிருந்தே பார்த்துப் பழகிய திட்டுகளை விவரித்தான். அவர் எதையோ கணக்குப் போட்டு, எந்த ஓரம் தெற்கு என்று சொன்னார். கடைசியில் அழுத்தமாக ஒன்று சொன்னாராம்: நிலாப் படம் என்றால் எப்போதும் தெற்கு மேலே. டெலஸ்கோப்பில் அப்படித்தான் தெரியும், முப்பது வருஷமாக அப்படித்தான் பாடம் நடத்துகிறேன்.

"தெற்கு மேலேயா? நிஜமாவா?" என்றேன்.

"படிச்ச மனுஷன் சொல்றாரு, நான் என்ன செய்யட்டும்?" என்று ஹாரிஸ் படத்தைத் திருப்பி வைத்து, மூலையில் 'மேல்' என்று பென்சிலால் எழுதினான்.

நான் தூரிகையை எடுத்தேன். கீறல்களை ஒவ்வொன்றாக மறைத்தேன். வலது மேல் பக்கம் கொஞ்சம் மங்கலாகச் சிதறிக் கிடந்தது. மனசு கேட்கவில்லை, அதையும் வெள்ளையால் மூடினேன். போனால் போகட்டும், யார் கண்டார்கள் என்று கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பத்திரிகை வந்தது. பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவ்தேய் லூக்கிச்சின் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"கமிட்டியிலேருந்து போன். கட்டுரையில என்ன போட்டிருக்கு? வலது பக்கம் மேலே, முந்நூறு கிலோமீட்டர் அகலத்துல கறுப்பா ஒரு வட்டம், அதுக்கு மாஸ்கோ கடல்னு பேர். நம்ம படத்துல வலது பக்கம் மேலே என்ன இருக்கு?"

பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"மாஸ்கோவை யார் அழிச்சதுன்னு கேக்கறாங்க, காப்பா. மாஸ்கோவை!"

மெடலாவது ஒரு பால் பண்ணைக்காரியோடு போனது. இது தலைநகரம்! பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"நான்தான். அங்கே கை வச்சேன்."

மெமோ எழுதப் பேனாவை எடுத்தார். அதற்குள் ஹாரிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் அந்த அசல் படமும் ஈரப் பஞ்சும்.

"எழுதாதீங்க! அது தண்ணிக் கலர்தானே, துடைச்சே பார்த்துடலாமே?"

மேஜையில் வைத்துத் துடைத்தான். என் வெள்ளை கரைந்து வந்தது. மூன்று பேரும் குனிந்தோம். அடியில் இருந்தது நான் பார்த்த அதே மங்கல். கடலும் இல்லை, வட்டமும் இல்லை. அது அழுக்கா, மலையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மாஸ்கோ இல்லை.

"அப்போ கடல் எங்கேடா?" என்றார் ஆசிரியர், பயந்த குரலில்.

ஹாரிஸ் படத்தை, வடக்கு மேலே வரும்படி, மெல்லத் தலைகீழாகத் திருப்பினான். வலது பக்கம் மேலே, கறுப்பாக, வட்டமாக, கடல் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! ஹாரிஸைக் கட்டிப்பிடிக்காத குறைதான். அறை திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. படத்தைத் திருப்பி வைத்தது அவன் கை. வீட்டில் நாலு பிள்ளைகள், மனைவி, மாமியார், எல்லாம் பன்னிரண்டு சதுர மீட்டரில்.

"நான்தான் திருப்பினேன். எழுதணும்னா என் பேரை எழுதுங்க" என்றான்.

அவ்தேய் லூக்கிச் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு திட்டை அழிச்சதுன்னா, அது ஒரு ஆளோட கவனக்குறைவு. மெமோ கொடுத்தா முடிஞ்சுது. நிலா தலைகீழ்னா, அது பத்திரிகையோட தப்பு. 'நேற்றைய நிலா தலைகீழாக வந்துவிட்டது'ன்னு நாளைக்கு நான் திருத்தம் போடட்டுமா? மாவட்டமே சிரிக்கும். விஞ்ஞானியைக் கேளுன்னு சொன்னது யாருன்னு அப்புறம் கேப்பாங்க."

"அது நீங்க" என்றேன்.

"நான்தான். அதனாலதான் சொல்றேன்." மறுபடி பேனாவை எடுத்தார். "அழிச்சதாவே இருக்கட்டும், காப்பா. கமிட்டிக்கும் அதுதான் புரியும்."

"அவ்தேய் லூக்கிச்! கண்ணால பார்த்தீங்களே! அவங்க அழிக்கலையே!" என்று ஹாரிஸ் கத்தினான்.

"பார்த்தேன். அதுக்கு என்ன இப்போ?"

மாஸ்கோ கடலை அழித்ததற்காக என்று தெளிவாக எழுதி, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அந்தக் கடல் மேஜையிலேயே இருந்தது, அவருடைய டீ கிளாசுக்குப் பக்கத்தில். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த நிமிஷம் எது மேலே, எது கீழே என்றே எனக்குப் புரியவில்லை.

ஹாரிஸ் பின்னாலேயே நடைபாதைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, அந்த அறை எனக்கு வேண்டாம். இப்பவே உள்ளே போய்ச் சொல்லிடறேன்."

"மடையா! நீ வேண்டாம்னா மூணாவது பேர் ஆசிரியரோட டிரைவர். அந்தக் குடிகாரனுக்கு விட்டுக்கொடுக்கப் போறியா?"

"அக்கா..."

"பிள்ளைகளைக் கூட்டிட்டுக் குடி போ. எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், இருக்கு, உன் மேலயும் இருக்கு. இன்னிக்கு மட்டும் என் கண்ணுல படாதே."