மணலசுரனுக்கு ஒரு குப்பம்

டமார்!

உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டைப் பீரங்கி வெடித்தபோது மணலசுரன் மண்டியிட்டுக் கிடந்தான். அலைராஜன் அவன் தலைக்கு மேல் கத்தியை ஓங்கியிருந்தான். விடிய விடிய நடந்த கூத்து முடிய இன்னும் நாலு அடிப் பாட்டுத்தான் பாக்கி.

"படவு கெளம்புதுடோய்!"

யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை. கோரைப்பாயில் சுருண்டு கிடந்த ஜனம் மொத்தமும் எழுந்து ஏரிக்கரையைப் பார்த்து ஓடியது. மத்தளக்காரரும் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். களத்தில் மிஞ்சியது ஒரு நாய் மட்டும்தான்.

மணலசுரன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"மச்சான், நான் சாவட்டா, எழுந்துக்கட்டா?"

அவன் கேட்டது கூத்துக்குழுவான ஜமாவின் வாத்தியார் ஆதிகேசவனை. ஜமா அவருடையது. அசுர வேஷம் கட்டிய தேசப்பன் அவருடன் ஒரே வீட்டில் இருந்த தங்கை ஜெயம்மாவின் புருஷன். ராஜா வேஷம் கட்டிய வேணு தூரத்து உறவு. பழவேற்காட்டில் பங்குனிக்குப் பங்குனி இந்தக் கூத்து நடக்கும். ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்தை மணலசுரன் மண்ணைக் கொட்டி அடைப்பான். அலைராஜன் அவனைக் கொன்று வழியைத் திறப்பான். மீனும் இறாலும் உள்ளே வரும். பத்து வருஷமாகத் தேசப்பன் தவறாமல் செத்துக்கொண்டிருந்தான். பார்க்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

"எழுந்து தொலை" என்று சொல்லிவிட்டு ஆதிகேசவன் கரைக்கு நடந்தார். திட்டத்தான் போனார். போய் நின்றவர் திட்ட மறந்துபோனார்.

அன்று கோட்டைத் தலைவன் கப்பித்தானுக்குப் பிறந்தநாள். தென்குப்பத்துக்கும் வடகுப்பத்துக்கும் பந்தயம் வைத்திருந்தான். ஜெயிக்கிற படவுக்குச் சீட்டித்துணி பரிசு. ஆனால் துணிக்காக யாரும் கத்தவில்லை. முகத்துவாரத்துப் பாடு யாருக்கு என்பதுதான் பேச்சு. பாடு என்றால் மீன் அதிகம் விழுகிற இடத்தில் முதலில் வலை கட்டுகிற முறை. வழக்கமாகச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் சீட்டில் தகராறு. பந்தயமே தீர்க்கட்டும் என்று இரண்டு குப்பமும் சத்தியம் செய்திருந்தன.

ஆதிகேசவன் படவுகளைப் பார்க்கவில்லை. ஜனத்தைப் பார்த்தார். நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று துடுப்புக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ராத்திரி தன் கூத்தில் குறட்டை விட்ட கிழவர் இங்கே ஈறு தெரியக் கத்தினார்.

"இன்னா வாத்யாரே, அசுரன் செத்தானா?" மீன்காரி குப்பம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ இருந்து பார்த்திருக்கலாமே."

"பாக்கறதுக்கு இன்னா கீது? போன வருஷமும் செத்தான், இந்த வருஷமும் சாவான். நான் அதுக்குள்ள ரெண்டு கூடை மீனு கழுவிடுவேன். இத்தப் பாரு! எவன் ஜெயிப்பான்னு ஆத்தாளுக்கே தெரியாது."

"உன் ஆளு யாரு?"

"வடக்குதான், வேற யாரு? செவப்புக் கொடி. அது தோத்தா எங்கூட்ல வருஷம் பூரா கஞ்சிதான். யோவ், துடுப்பைக் குத்துங்கய்யா!"

அரைத் துடுப்பு வித்தியாசத்தில் தென்குப்பம் ஜெயித்தது. வடகுப்பத்துப் பெரியதனக்காரர் சுப்பராயலு, ஐம்பது வயசு மனிதர், அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். ஆண்பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஆதிகேசவன் மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பது வருஷத்தில் எத்தனை ராஜாக்களைச் சாகடித்திருக்கிறார்! ஒருவரும் இப்படி அழுததில்லை. முடிவு தெரியாமல் இருக்கணும். பார்க்கிறவனுக்கு ஒரு கட்சி இருக்கணும். தோற்றால் அவன் வயிறு காயணும். பாட்டும் அடவும் அதற்குப் பிறகுதான். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று தோன்றியது.

அன்று மத்தியானமே சுப்பராயலுவின் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, இன்னும் பத்து நாள்ல கூத்தை மறுபடியும் போடறேன். பகல்ல, கரையிலயே. வேணு தென்குப்பத்துக்கு ஆடுவான், தேசப்பன் உங்களுக்கு ஆடுவான். கடைசிச் சண்டை நெசமான கழிச் சண்டை. எவன் கிரீடம் முதல்ல மண்ணுல விழுதோ அவன் தோத்தான். முடிவு எனக்கே தெரியாது."

சுப்பராயலு வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு கேட்டார்.

"அசுரன் ஜெயிச்சா பாடு எங்களுக்குன்னு வெச்சிக்கலாமா?"

ஆதிகேசவன் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கரையில் கேட்ட கூச்சல் இன்னும் காதில் இருந்தது. தலையாட்டினார். சாயங்காலம் வடகுப்பத்தார் தென்குப்பத்துக் கரையில் போய் நின்று, "ராசாவோட ஆளுங்களுக்கு அசுரன்னா பயமா?" என்று சீண்டினார்கள். தென்குப்பம் ஒத்துக்கொண்டது.

ஜெயம்மா மட்டும் கேட்டாள்.

"ஏண்ணா, அசுரன் சாவாத வருசம் உண்டா?"

"அதைத்தானே பார்க்க வருவாங்க!"

"வருவாங்க. பாத்துட்டு இன்னா செய்வாங்க?"

"கைதட்டுவாங்க" என்று சிரித்தார்.

மறுநாளிலிருந்து வடகுப்பத்தார் தேசப்பனைத் தங்கள் பக்கம் கூட்டிப்போய்க் கவனித்தார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துவிட இரண்டு பேர். மத்தியானம் சுப்பராயலு வீட்டில் நண்டுக் குழம்பு. சாயங்காலம் கழிப் பயிற்சி. முதல் இரண்டு நாள் அவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். "மச்சான், இந்த மரியாதைக்குப் பத்து வருசம் முன்னாடியே ஜெயிச்சிருக்கலாம்" என்றான்.

நாலாம் நாள் குரல் இறங்கியிருந்தது.

"அங்க யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல மச்சான். வேஷம் இல்லாத நேரத்துலயும் அசுரராசான்னு கூப்பிடறாங்க. ஒருத்தி கைக்குழந்தையை எடுத்தாந்து என் கால்ல போட்டா. பக்கத்து வூட்டுக்காரி என்னைக் கண்டா புள்ளையைத் தூக்கிக்கினு உள்ள ஓடறா."

ஆறாம் நாள் காலையில் ஜெயம்மா கதவைத் திறந்தாள். வாசலில் முழங்கால் உயரத்துக்கு மணல் கொட்டிக் கிடந்தது. கோலம் போட இடமில்லை. தென்குப்பத்து வேலையாகத்தான் இருக்கும். அள்ளிக் கொட்டினாள். ஏழாம் நாளும் மணல். எட்டாம் நாள் இடுப்பளவு.

"நிறுத்திடு அண்ணா" என்றாள். அழவில்லை. முறத்தால் மணலை வாரிக்கொண்டே சொன்னாள்.

ஆதிகேசவன் இரண்டு குப்பத்துக்கும் நடந்தார். தனக்குக் காய்ச்சல் என்றார், மத்தளம் கிழிந்துவிட்டது என்றார். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது.

"நீ இல்லாட்டி இன்னா வாத்யாரே? கழி கீது, ஆளு கீது. நாங்களே பாத்துக்கறோம்."

ஜமா அவருடையது. கூத்து இப்போது அவருடையதாக இல்லை.

பத்தாம் நாள் விடிந்தது. பொன்னேரியிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் மாட்டு வண்டிகள் வந்து குவிந்தன. கோட்டை மதில்மேல் உலாந்தாச் சிப்பாய்கள் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிகேசவன் தன் ஆயுளில் அப்படி ஒரு கூட்டம் கண்டதில்லை. சந்தோஷப்பட முடியவில்லை. அரிதாரம் பூசும் சாக்கில் தேசப்பனின் காதருகே குனிந்தார்.

"தோத்துடு. முதல் அடியிலேயே கிரீடத்தைக் காட்டு. வடக்கு ரெண்டு நாள் திட்டும், அவ்வளவுதான். கதை பழையபடி முடிஞ்சிடும்."

"அதைத்தான் நானும் நெனைச்சேன் மச்சான்."

சண்டை தொடங்கியது. வேணு நிஜமான வெறியோடு வந்தான். தென்குப்பத்தார் அவனிடம் என்ன சொல்லி அனுப்பினார்களோ! தேசப்பன் இரண்டு அடியைத் தடுத்தான். மூன்றாவதற்குக் கழியைத் தாழ்த்தித் தலையைக் கொடுத்தான். அடி கிரீடத்தில் விழுந்தது. கிரீடம் சாய்ந்தது. விழவில்லை.

ஆதிகேசவன் திடுக்கிட்டார். தேசப்பன் மறுபடியும் தலையைக் கொடுத்தான். வேணு மறுபடியும் அடித்தான். சரிகைத்தாள் கிழிந்து பறந்தது. கிரீடம் அப்படியே நின்றது. அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தாடைக்கு அடியில், பொய்த்தாடிக்குள் மறைத்து, தூண்டில் கயிறு. களத்துக்குக் கூட்டிவரும்போது வடகுப்பத்தார் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கரையில் வலைக்குப் போடுகிற முடிச்சு சுறாவுக்கே அவிழாது.

நாலாவது அடிக்கு வேணு இரண்டு கையாலும் கழியைச் சுழற்றி எம்பினான். கால் மணலில் வழுக்கியது. குப்புற விழுந்தான். அவன் கிரீடம் உருண்டுபோய் அலையில் நனைந்தது.

வடகுப்பம் எழுப்பிய கூச்சலில் மதில்மேல் இருந்த சிப்பாய்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். தேசப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோள்களுக்கு மேலிருந்து அவன் திரும்பி மச்சானைப் பார்த்தான். அரிதாரத்துக்குள் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

பாடு வடகுப்பத்துக்கு வந்தது. முதல் மூன்று நாள் வலை நிறைய மீன். நாலாம் நாள் தென்காற்று எழுந்தது. ஒரு வாரம் ஓயவில்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறியது. முதலில் படவு தட்டியது. பிறகு ஆள் இறங்கித் தள்ளவேண்டி வந்தது. சித்திரை பிறந்தபோது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கால் நனையாமல் குப்பம்மா கூடையோடு நடந்து வந்தாள். உள்ளே தண்ணீர் வெயிலில் கொதித்துச் செத்த மீன் மிதந்தது. ஏரியே நாறியது.

முகத்துவாரம் அடைவது புதிதில்லை. நாலு வருஷம் முன்பும் அடைந்தது. இரண்டு குப்பமும் மண்வெட்டி எடுத்து வெட்டித் திறந்தன. இந்த முறை யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. ஏன் என்று ஆதிகேசவன் கேட்டபோது குப்பம்மா கூடையை இறக்கி வைக்காமலே சொன்னாள்.

"வெட்டி இன்னா புண்ணியம்? அடைச்சவன் உசிரோட கீறானே."

அன்றே அவர் கோட்டை வாசலுக்குப் போனார். தங்கை புருஷனுக்கு உள்ளே ஒரு மாதம் எடுபிடி வேலை கிடைக்குமா என்று கேட்டார். காவல்காரன் மொழிபெயர்க்கிற துபாஷியிடம் ஏதோ சொன்னான். துபாஷி, "கூத்தாடிக்கெல்லாம் இடமில்லை" என்று திருப்பி அனுப்பினான். ஊரை விட்டு அனுப்பலாமென்றால் கடல் வழி மணலில் அடைந்திருந்தது. தரை வழி இரண்டு குப்பத்துக்கும் நடுவே போனது. இரண்டு பக்கமும் பகல் முழுக்க ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வலை பின்னவில்லை, சீட்டு ஆடவில்லை. ஆதிகேசவன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் வந்தார்கள். முன்னால் சுப்பராயலு. பின்னால் வடகுப்பத்தாரும் தென்குப்பத்தாரும் கலந்து நின்றார்கள். யார் எந்தக் குப்பம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேலிக்குப் பின்னால் தேசப்பன் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். ஜெயம்மா கதவை அடைத்தாற்போல வாசலில் நின்றாள்.

"வாத்யாரே, கூத்துல கடைசிக் காட்சி பாக்கி கீது" என்றார் சுப்பராயலு. குரலில் கோபமே இல்லை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி நின்றார்.

ஆதிகேசவனுக்கு மூச்சு வந்தது. "அவ்வளவுதானே அண்ணே? நாளைக்கே போட்டுடலாம். அசுரன் சாவான். பழைய கதைதான், பழைய பாட்டுதான்."

"நாளைக்கு வேணாம். இன்னிக்கு. முகத்துவாரத்துல, அந்த மணல் மேலயே."

"சரி, வேணுவுக்குச் சொல்லி அனுப்பறேன். கால் சுளுக்குன்னு படுத்திருக்கான். ராஜா வேஷத்துக்கு..."

"வேணு வேணாம். ரெண்டு குப்பத்துலயும் ஆளு பேசி வெச்சிட்டோம்."

"அவங்களுக்கு அடவு தெரியாதே அண்ணே."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இறைத்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிற்று.

"அண்ணே" என்றார் ஆதிகேசவன். "தேசப்பன் உங்க வீட்டுல உட்கார்ந்து சோறு தின்னவன். உங்க சம்சாரம் கையால."

சுப்பராயலு அவர் தோளில் மெதுவாகக் கைவைத்தார்.

"அதனாலதான் சொல்றேன், அரிதாரத்தைத் தடிப்பா பூசி இட்டுக்கினு வா வாத்யாரே. மனுசனைக் கொன்ன பாவம் நமக்கு எதுக்கு?"