சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

என் பெண்டாட்டி அழகிக்கு எல்லாமே டெஸ்க்டாப்பில்தான் இருக்க வேண்டும். ஊரார் கல்யாணப் பத்திரிகை, பட்டா நகல், சாமி பாட்டு, கூட்டுறவு வங்கிப் பரீட்சைக்காக எட்டு மாதமாக அவள் தட்டி வைத்த குறிப்புகள், எல்லாம். ஆலங்குடியில் எங்கள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் இடமில்லாமல் திணறியது. "ஒன் குப்பையாலதான்டி இது நகர மாட்டேங்குது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

போன வாரம் ஒரு வீடியோவைப் பார்த்து, கம்ப்யூட்டரில் அவள் பெயரில் உள்ள கணக்கை, டெஸ்க்டாப்போடு முழுசாக, ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினேன். பழையதை அழித்தும் விட்டேன். திறந்தால் எல்லாம் முன்புபோலவே தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், அதுதான் நிஜம்.

ஆயுத பூசை வந்தது. நான் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கத்தரிக்கோல், கட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் துடைத்து வாழையிலையில் பரப்பினாள். மேசைக்குப் பின்னால் கிடந்த ஹார்டு டிஸ்க்கும் கடைக்கு உழைப்பதுதானே என்று கழற்றி, குழைத்த சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். நான் உள்ளே வருவதற்குள் சூடமும் காட்டியாயிற்று. வைத்ததை மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சாமி பாட்டுப் போடக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

திரை மொட்டையாக இருந்தது.

"என்னங்க, என் நோட்ஸெல்லாம் எங்கிட்டுப் போச்சு? பரீட்சைக்கு இருவது நாள்தாங்க இருக்கு." குரல் உடைந்துவிட்டது.

நான் செய்ததைச் சொல்லி இலையைக் காட்டினேன். வயர் செருகும் ஓட்டையிலேயே ஈரச் சந்தனம். எடுக்கப் போன என் கையைப் பிடித்தாள்.

"வச்சத எடுக்காதீங்க. நாளைக்குக் காஞ்சிரும், பாப்போம்."

"திட்டிடுடி" என்றேன். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முதல் பாடத்திலிருந்து வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் படிக்கக் கூடாதே?"

"புத்தகத்தைத்தான தொடக் கூடாது. எம்புட்டு மனசுல இருக்குன்னு பாக்குறேன். நீங்க கேளுங்க."

கூட்டுறவுச் சட்டம், நிர்வாகக் குழு, உறுப்பினர் உரிமை என்று சாயங்காலம் வரை சொன்னாள். எட்டு மாதமும் பக்கத்திலேயே இருந்து, ஒரு நாளும் நான் காது கொடுத்ததில்லை. குப்பை என்றேனே! வெட்கமாக இருந்தது. அவள் மேல் அப்படி ஒரு பிரியமும் வந்தது.

மறுநாள் மறுபூசை முடிந்ததும், காய்ந்த சந்தனத்தைப் பல் குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினேன். வயரைச் செருகிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் டெஸ்க்டாப் வழக்கமான நெரிசலோடு வந்து நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அழகி குறிப்புகளைத் திறந்து பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தாள்.

"ரெண்டே எடந்தாங்க விட்டிருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னைக்கும் ஒக்காந்து கேப்பீங்களா?"

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.