தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

நைனார்பாளையத்தின் கிழக்குத் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு வீடாக எண்ணிக்கொண்டே வந்த அஸ்ரப் நிஷா, எண்ணிக்கை வந்து நின்ற வாசலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அவளோடு கணக்கெடுப்பு வேலை பார்க்கும் ஜெயசுதாவின் மாமியார் வீடு அது.

"சுதாக்கா, மாட்டிக்கினீங்களா?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு வந்து குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "பக்கத்து வூட்ல எழுதிக்கினு போயேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"வூட்டை மாத்தக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

சொல்லிக் கொடுத்தது உண்மைதான். சென்னையில் இருக்கும் ஒரு மக்கள்தொகை ஆராய்ச்சி மையத்துக்காக இருவரும் சில மாதங்களாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கின, பிரசவம் எங்கே நடந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பெண்களிடம் கேட்டு எழுதுவது வேலை. எந்த ஊருக்கு நர்ஸ் வேண்டும், எங்கே பள்ளிக்கூடம் வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்ய இந்தக் கணக்குத்தான் உதவும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொந்த ஊரில் யாரும் எழுதக் கூடாது என்பதால் ஜெயசுதாவுக்குக் கல்வராயன் மலை கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகளான நிஷாவுக்குச் சமவெளி.

எல்லாக் கேள்விக்கும் ஜெயசுதா பதில் சொல்லிவிடுவாள், ஒன்றைத் தவிர. குழந்தை உண்டாகாமல் இருக்க இப்போது ஏதாவது செய்துகொண்டிருக்கிறீர்களா என்பது அந்தக் கேள்வி.

செய்துகொண்டிருந்தாள். மகள் மணிமொழிக்கு அடுத்து உண்டானது எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்து, உதிரம் நிற்காமல் அவளும் போய்ச் சேரப் பார்த்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் வரும் பெண் டாக்டர்தான், உடம்பு தேறட்டும் என்று சொல்லி அவளுக்குக் காப்பர்-டி வைத்துவிட்டார். கணவன் மாயவனுக்கு அது தெரியாது. மாமியார் பெரியநாயகிக்கும் தெரியாது. ஒரு பேரன் வேண்டும் என்று அவள் மருமகளைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைந்தாள். ஜெயசுதாவும் போய் ஒவ்வொரு சந்நிதியிலும் கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்த நிஷா, முதலில் பெரியநாயகியைக் கூப்பிட்டாள். பதினாலு வயதில் வாழ்க்கைப்பட்டவள் அவள். புருஷன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தாலும் ஐம்பது இன்னும் ஆகவில்லை.

"என்னையுமா? எனக்கு இன்னும் பெத்துக்கிற வயசுன்றியா?"

"அம்பதுக்குக் கீழே இருந்தா கேட்டுத்தான் ஆவணும்மா."

"கேளு, கேளு. அப்படியே எனக்கொரு மாப்ளையும் பார்த்துடு." சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "சுதா, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு."

"அப்பவே காட்டிட்டேன் அத்தை."

"இன்னொரு வாட்டி காட்டு."

ஜெயசுதா கொட்டிலில் போய் நின்றாள். உள்ளே மாமியாரின் சிரிப்பு கேட்டது. பிறகு நின்றுபோனது. அப்புறம் தணிந்த முணுமுணுப்புதான் கேட்டது. கடைசியில் வெளியே வந்த பெரியநாயகி நேராகத் தொட்டியடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "உன்னைக் கூப்புடுது அந்தப் பொண்ணு" என்றவள், ஜெயசுதாவின் பின்னாலேயே உள்ளே வந்து, முறம் நிறையக் கடலைக்காயை எடுத்துக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய..." என்று நிஷா இழுத்தாள்.

"நான் இருந்தா இன்னா? அவ கதை எனக்குத் தெரியாதா? ஒண்ணு தங்கிச்சு, ஒண்ணு போச்சு. வேணும்னா நானே சொல்றேன்."

நிஷா ஜெயசுதாவைப் பார்த்தாள். 'நீங்களே சொல்லுங்களேன்' என்பது போல இருந்தது அந்தப் பார்வை. வெளியே இருங்கள் அத்தை என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொல்வதே பாதி பதிலாகிவிடுமே. மறைக்க ஒன்றுமில்லாதவள் எதற்கு மாமியாரை எழுந்து போகச் சொல்கிறாள்? கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றின் வரிசை அவளுக்கு மனப்பாடம். பிடிக்க ஒன்றும் இல்லாத சரிவில் இறங்குவது போல அந்தக் கேள்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"இப்ப ஏதாவது செஞ்சுக்கினு இருக்கீங்களா, குழந்தை உண்டாவாம இருக்க?"

கடலை உடைபடும் சத்தம் நின்றது.

"இல்லை" என்றாள் ஜெயசுதா.

கடலை மறுபடி உடைபட்டது. நிஷா எழுதிக்கொண்டாள்.

அன்று பிற்பகலே பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து சாலை மறியல் என்று சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்பே சின்னசேலம் சாலையில் புளியமரங்கள் வெட்டுப்பட்டுச் சாய ஆரம்பித்தன. ஊருக்குள் வந்தவர்கள் வந்த இடத்திலேயே தங்கினார்கள். நிஷாவும் அந்த வீட்டிலேயே தங்கினாள். "எங்க வூட்டுக் கூழு பாய் வூட்டுப் பொண்ணுக்கு இறங்குமா?" என்று பெரியநாயகி கேட்டாள். "ஊறுகா ஜாஸ்தியா குடுத்தா இறங்கும்" என்றாள் நிஷா. இருவருக்கும் ஒத்துப்போனது. ஜெயசுதாவால்தான் அவர்களோடு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனால் ஆளில்லாத சாலை. உள்ளே வந்தால் எழுதிய தாள்கள் இருக்கும் பையோடு நிஷா. இத்தனைக்கும் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாயவன் வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். போலீஸ் எங்கெங்கே வந்தது, யார் யாரைப் பிடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டவன், நிஷாவின் பையைப் பார்த்தான்.

"எங்க ஆளுங்க எத்தினி பேருன்னு எழுதுறியாம்மா அதுல?"

"ஆதிதிராவிடரு, மலைக்காரங்கன்னா தனியா எழுதுவோம்ண்ணா. மீதிப் பேரை மத்தவங்கன்னு போட்ருவோம்."

"பாத்தியா சுதா? மத்தவங்களாம் நாம." அவன் சோற்றுக் கையை உதறினான். "இன்னா கேட்டாலும் கணக்கு இல்ல, கணக்கு இல்லன்றான். கணக்கே எடுக்காத எங்கேர்ந்து வரும்? அதுக்குத்தான் ரோட்ல வுழுந்து கெடக்கறோம்."

"அதுக்குத்தான் நானும் சொல்றேன்" என்றாள் பெரியநாயகி. "நம்மளும் நாலு தலையைக் கூட்டிக் காட்டணும் இல்ல."

மாயவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்புத்தான். அவளிடம் அவன் ஒருநாளும் கையோங்கியதில்லை. அதனாலேயே அவனிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள்.

பாத்திரம் துலக்கும்போது மலையில் பார்த்த ஒருத்தியின் முகம் ஞாபகம் வந்தது. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர். அங்கே அந்தப் பெண்ணிடம் இதே கேள்வியை ஜெயசுதா கேட்டாள். பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு புருஷன் நின்றான். இல்லை என்று சொன்ன அந்தப் பெண், சொன்ன பிறகும் ஜெயசுதாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மலைக்காரப் பெண்ணின் வெள்ளந்தித்தனம் என்று நினைத்துக்கொண்டு, விழிப்புணர்வு இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டு வந்தாள் ஜெயசுதா. அந்தப் பார்வை என்னவென்று இப்போது தெரிந்தது. நிஷாவை அவளே அப்படித்தான் பார்த்திருந்தாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் தன்னை அப்படிப் பார்த்தார்களோ. எழுதிய 'இல்லை'களில் எத்தனை பொய்யோ.

போன மாதக் கூட்டத்தில் ஆராய்ச்சி அதிகாரி சொன்னதும் இப்போது வேறு மாதிரி கேட்டது. "தற்காலிக முறையை இந்தப் பக்கம் யாரும் விரும்பலைன்னு கணக்கு சொல்லுது. அப்புறம் லேடி டாக்டர் வாராவாரம் எதுக்கு வரணும்? வருஷத்துக்கு ரெண்டு ஆபரேஷன் முகாம் போதும்னு சிபாரிசு பண்ணிடலாம்." அன்று அவளும் தலையாட்டினாள். முகாமில் ஆபரேஷன் செய்துகொள்ள புருஷன் கையெழுத்து, மாமியார் சம்மதம்வரை போக வேண்டும். அந்த டாக்டர் ஒருத்தியிடம்தான் யாருக்கும் தெரியாமல் போய் வர முடிந்தது. தன் வாயாலேயே அந்தக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கொல்லையில் துணி உலர்த்தும்போது நிஷாவிடம் கேட்டாள். "எங்க அத்தை அன்னிக்கு உங்கிட்ட இன்னா சொன்னாங்க?"

நிஷா ஈரத் துணியை உதறினாள். "அத கேக்காதீங்கக்கா. உங்களைப் பத்தி அவங்க கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்."

"கேட்டாங்களா?"

"நீங்க இல்லைன்னது நெசந்தானான்னு ஒரு வாட்டி கேட்டாங்க."

அதற்குப் பிறகு ஜெயசுதாவுக்கு வேலை எதுவும் ஓடவில்லை.

மறியல் முடிந்தது. மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்காரர் ஒருவர் பஸ் சாலைவரை நிஷாவை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவள் பையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். பெரியநாயகி முறத்தோடு தூணடியில் இருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அந்த 'இல்லை' டிராக்டரில் ஏறிவிடும்.

"நிஷா, ஒரு கேள்விக்கு நான் தப்பா பதில் சொல்லிட்டேன். திரும்பக் கேளு" என்றாள் ஜெயசுதா. பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நானா? எதுக்கு?"

"அன்னிக்கு நீங்க என்னை எதுக்குக் கொட்டிலுக்கு அனுப்புனீங்களோ, அதுக்குத்தான்."

பெரியநாயகி மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று ஜெயசுதா காத்திருந்தாள். அது வரவில்லை. மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

நிஷா அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஜெயசுதா ஆமாம் என்றாள். என்ன, எவ்வளவு நாளாக, யார் வைத்தது என்று எல்லாவற்றுக்கும் சொன்னாள். நிஷா பழையதை அடித்துவிட்டு எழுதினாள். எழுதும்போது அவள் நிமிரவே இல்லை. போகும்போது மட்டும் ஜெயசுதாவின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள்.

டிராக்டர் சத்தம் தேய்ந்த பிறகு ஜெயசுதா திரும்பினாள். பெரியநாயகி கொட்டில் பக்கம் போயிருக்கவில்லை. கூடத்து ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எடுத்தா உடம்புக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது."

பெரியநாயகி ஒரு காயை உடைத்து, பருப்பை ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள்.

"நான் அவங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா இனிமே எனக்குத் தெரியும். அத்த மனசுல வெச்சுக்கோ."

காப்பாற்றுகிறாளா, கட்டிப் போடுகிறாளா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பெரியநாயகி முறத்தை நடுவில் நகர்த்தி வைத்தாள். ஜெயசுதா அவளுக்கு எதிரே உட்கார்ந்து கடலை உடைக்க ஆரம்பித்தாள்.