சட்டைப் பையில் கண்ணாடி

சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடுவதற்கு முன் அண்ணன் என் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். "சோடாபுட்டி, இப்ப ஓடு," என்பான். எல்லாம் கலங்கித் தெரியும். அவன் சட்டையின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுவேன். இருவரும் சேர்ந்து விழுந்தால் முதலில் பையைத் தொட்டுப் பார்ப்பான். அப்புறம்தான் என் முழங்கால்.

வக்கீலம்மாவின் அறையில் அந்த ஞாபகம்தான் வந்தது. அண்ணன் வேலை செய்யும் கிடங்கில் நான்கு பேர் சேர்ந்து சூப்பர்வைசரின் கையை முறித்துவிட்டார்கள். அவர்கள் நால்வரும் ஜெயிலில் இருந்தார்கள். கூட நின்ற அண்ணனை மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"என் பிள்ளை ஒரு அடி அடிக்கலம்மா," என்றாள் அம்மா. "கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான்."

"அப்ப நீ என்னதான்பா செஞ்சே?" என்று அண்ணனைக் கேட்டார் வக்கீலம்மா.

"சூப்பர்வைசரோட கண்ணாடியைக் கழட்டி வெச்சுக்கிட்டேன் மேடம். உடைஞ்சு கண்ணுல குத்திடக் கூடாதுல்ல."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அடி விழப்போகுதுன்னு தெரியாதவன் எதுக்குக் கண்ணாடியைக் கழட்டறான்? பேசி வெச்சுக்கிட்டுச் சேர்ந்து போனா, அடிச்சவனுக்கு உள்ள தண்டனைதான் உனக்கும். யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. அவருக்கும் ஞாபகம் இல்லையாம்."

"அப்ப அந்தப் பேச்சையே எடுக்காதே. வேடிக்கை பார்த்தவன்னு வெளியே கொண்டுவந்துடலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். மாடிப்படியில் அண்ணன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். தடித்த கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.

"திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்."

போட்டுப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பவர் அதிகம்.

"இது இல்லாம அவருக்கு எவ்வளவு தெரியும்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம்.

"முகம் தெரியாது. பக்கத்துல வந்து நிக்கறது யாருன்னு குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"ஆஸ்பத்திரில அப்படியேதான் படுத்திருப்பாரா?"

"குடுத்தா மாட்டிக்குவே அண்ணா."

"தெரியும்."

"என்ன, அங்கேயே குடியிருக்கப் போறீங்களா? பஸ் வந்துடும்!" கீழிருந்து அம்மா.

அண்ணன் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஊதி, சட்டை நுனியால் துடைத்தான். என்னுடையதையும் அப்படித்தான் துடைப்பான். மறுபடி சுற்றிப் பையில் வைத்தான்.

"அம்மாவை நீ கூட்டிட்டுப் போ, சோடாபுட்டி."

பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான். கூட்டத்தில் அவன் சட்டையின் நிறம் தெரிந்தவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.