காலை மடக்காமல் தூங்க ஒரு கட்டில்

சுற்றுலாவுக்குக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் அந்த வெள்ளை டிரெய்லர் வீடு ரினேவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அகலமான சமையல் மேடை, கேக் சுட அடுப்பு, பின்பக்கம் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில். நெப்ராஸ்காவின் மார்ச் காற்று வெளியே விற்பனைக்கு நின்ற வாகனங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

"ரெண்டு பேரும் ஏறிப் படுத்துப் பாருங்க," என்றாள்.

ஆறு வயது ஓடிஸ் கீழ்க்கட்டிலில் பொத்தென்று விழுந்தான். ரினேவின் முதல் கல்யாணத்துப் பெண் மேரன் மேலே ஏறினாள். பதினைந்து வயதிலேயே ஆறடியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இடம் போதுமாடி?"

"போதும்மா. சரியா இருக்கு."

லைல் எட்டிப் பார்த்தான். ரினேவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு அவன் இந்தக் குடும்பத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. மேரன் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்காமல், போக இஷ்டமில்லை என்று சொன்ன பெண் அவள்.

"இது வேண்டாம், ரினே," என்றான்.

"ஏன்? அவளே சரியா இருக்குங்கிறா."

"சுருண்டு கிடக்கா, பாரு."

"நான் எப்பவும் அப்படித்தான் தூங்குவேன்," என்றாள் மேரன்.

"யாருகிட்ட கதை விடுற? நம்ம சோபாவுல நீ தூங்கினா காலு பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் போகுது."

ஓடிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். மேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரிப்பில் தோள் குலுங்கியது.

விற்பனைக்காரர் கடைசி வரிசையில் நின்ற பழைய டிரெய்லர் ஒன்றைக் காட்டினார். சமையல் மேடை ஒரு முழம்கூட இல்லை, அடுப்பும் கிடையாது. கட்டில் மட்டும் ஆறரை அடி. மேரன் ஏறினாள். தயங்கித் தயங்கிக் காலை நீட்டினாள். அதற்கப்புறமும் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

ரினே கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "அப்போ தினமும் நீதான் வெளியில கரி மூட்டி கறி சுடணும். மழை பெய்தாலும்," என்றாள்.

"சுடறேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் மேரன் பின்சீட்டிலிருந்து, "லைல், அந்த டிரெய்லர் ஜன்னல் திரைச்சீலை பாக்க சகிக்கல. நான் வேற தைக்கிறேன். சனிக்கிழமை துணி வாங்கக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

சனிக்கிழமை நண்பர்களோடு மீன்பிடிக்கப் போவதாக இருந்தான் லைல். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டான்.